ஆக்ரா: வெள்ளிக்கிழமை தாஜ் உண்டா? ஆற்றங்கரைத் தோட்டங்களுக்கு இரண்டரை நாள் போதுமா?

காவேரிப்படுகை (கேள்வி)

வணக்கம். நவம்பர் இரண்டாவது வாரம் ஆக்ரா போகிறோம். வியாழன் மதியம் 12 மணி வாக்கில் ஆக்ரா கண்டோன்மென்ட்டில் இறங்குகிறோம். சனிக்கிழமை மாலை 6 மணிக்கு அங்கிருந்தே ரயில் ஏறுகிறோம். மொத்தம் நாலு பேர். ஒருவருக்கு வயது 68, முழங்கால் வலி உண்டு. சமதளத்தில் நடப்பார், படிதான் சிரமம். இன்னொருத்தி 13 வயதுப் பெண்.

இப்போதைக்குப் போட்டிருக்கும் திட்டம்: வியாழன் மாலை கோட்டை, வெள்ளி விடியற்காலை தாஜ், சனிக்கிழமை சிக்கந்தரா (அக்பரின் கல்லறை). எங்களுக்குக் கட்டடங்களைவிட முகலாயத் தோட்டங்கள் மேல் ஆர்வம் அதிகம். யமுனையின் எதிர்க்கரையில் நிறைய தோட்டங்கள் இருந்ததாகப் படித்தோம். அவற்றில் இப்போது எது மிச்சம் இருக்கிறது, எது போய்ப் பார்க்கும் நிலையில் இருக்கிறது? நாலு பாத்தித் தோட்டத்தில் என்னத்தைக் கவனிக்க வேண்டும்? ஃபதேபூர் சிக்ரி இந்த முறை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம்.

யமுனைப்படித்துறை

முதல் வேலையா வெள்ளிக்கிழமைத் திட்டத்தை மாத்துங்க. தாஜ் மகால் வெள்ளிக்கிழமை பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும். வளாகத்துப் பள்ளிவாசல்ல தொழுகைக்கு வர்றவங்களுக்கு மட்டும்தான் அனுமதி. ஆக்ராவுல மத்த சின்னங்கள் எல்லாம் வெள்ளிக்கிழமையும் திறந்திருக்கும்.

இது உங்களுக்கு நல்லதாத்தான் முடியுது. தோட்டம்தான் முக்கியம்னு சொல்றதால, வெள்ளிக்கிழமை முழுசையும் யமுனையோட கிழக்குக் கரைக்குக் கொடுத்துடுங்க. நான் போடும் வரிசை இது.

வியாழன்: தங்குமிடத்துல பையை வெச்சுட்டு 2.30க்குள்ள கோட்டை. அமர் சிங் வாசல் வழியாத்தான் நுழைவு. டெல்லி வாசல் பக்கம் ராணுவத்துக்கிட்ட இருக்கு. இந்தியர்களுக்கு 50 ரூபாய் சீட்டு. கோட்டைக்கு மதியத்துக்கு மேல போகச் சொல்றதுக்குக் காரணம் உண்டு. பளிங்கு மண்டபங்கள் எல்லாம் கிழக்கே ஆத்தைப் பார்த்து நிக்குது, தாஜ் அங்கிருந்து ஆத்தோட வளைவுல தென்கிழக்கே தெரியும். காலையில போனா எதிர்வெயில், மேல மூட்டமும் சேர்ந்துக்கும். மதியத்துக்கு மேல சூரியன் முதுகுக்குப் பின்னாடி வந்துடும், முஸம்மன் புர்ஜ்ங்கிற எண்கோணக் கோபுரத்துல நின்னா தாஜ் துல்லியமாத் தெரியும். ஷாஜகானை 1658லேருந்து 1666ல சாகுற வரைக்கும் அடைச்சு வெச்சிருந்தது இந்தக் கோட்டையிலதான்.

வெள்ளி: காலை 7 மணிக்கு இதிமாத் உத் தௌலாங்கிற பளிங்குக் கல்லறை. ஒன்றரை மணி நேரம் தாராளமா நில்லுங்க. அங்கிருந்து வடக்கே சீனி கா ரௌசாங்கிற ஓடு பதிச்ச கல்லறை, அதையும் தாண்டி ராம் பாக் தோட்டம். ரெண்டும் அதே கரைதான், அடுத்தடுத்து வரும். 11.30க்குள்ள முடிச்சுட்டு சாப்பாடு, ஓய்வு. 3.30க்கு மேத்தாப் பாக் தோட்டம், இருட்டுற வரைக்கும்.

சனி: விடியறப்போ தாஜ். 9 மணிக்கு வெளிய வந்து காலைச் சாப்பாடு, அறையைக் காலி பண்ணிட்டு 12.30 வாக்குல சிக்கந்தரா. 3 மணிக்கு அங்கிருந்து கிளம்பினாலும் ரயிலுக்கு நேரம் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. மேத்தாப் பாக் தாஜுக்கு நேர் எதிர்க்கரை. வரைபடத்துல பார்த்தா எட்டிப் பிடிக்கிற தூரம்தான். ஆனா அங்க ஆத்தைக் கடக்கப் பாலம் இல்லை, சாலை வழியா பல கிலோமீட்டர் சுத்தணும். "தாஜ் முடிச்சு அப்படியே மேத்தாப் பாக்"னு ஒரே அரை நாள்ல திணிக்கறவங்க பாலத்து நெரிசல்ல மாட்டி, அந்தி வெளிச்சத்தைத் தவற விடுவாங்க. இதிமாத் உத் தௌலாவும் மேத்தாப் பாக்கும் ஒரே கரையில இருக்கறதால வெள்ளிக்கிழமைக்குப் பாலம் கடக்கிற வேலை காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணோட முடிஞ்சுடும். ஒரே ஆட்டோவை நாள் முழுக்கப் பேசிக்கங்க. நாலு இடத்தோட பேரையும் ஏறறதுக்கு முன்னாடியே சொல்லி, காத்திருப்பு உள்பட ஒரே தொகையா முடிச்சுடுங்க. பாதி வழியில "ராம் பாக் பேச்சுல இல்லையே"ன்னு வர்ற தகராறுதான் அதிகம்.

நாற்பாத்தி

தோட்டம் பற்றிக் கேட்டதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆக்ராவைத் தாஜ் உள்ள ஊர் என்று பார்ப்பதைவிட, ஆற்றின் இரு கரையிலும் தோட்டங்களை வரிசையாகக் கோத்த ஊர் என்று பார்த்தால் எல்லாம் தெளிவாகும். ஏறத்தாழ 1720களில் ஜெய்ப்பூர் அரசவைக்காக வரைந்த ஆக்ரா வரைபடம் ஒன்று இருக்கிறது. அதில் இரு கரையிலும் நாற்பதுக்கு மேற்பட்ட தோட்டங்களும் மாளிகைகளும் பெயரோடு குறிக்கப்பட்டிருக்கின்றன. இன்று முழு உருவோடு நிற்பவை சிலவே. மற்றவை நாற்றங்கால் பண்ணையாகவும் குடியிருப்பாகவும் ஆகிவிட்டன. அங்கங்கே ஒரு மூலைக் கோபுரம் மட்டும் நிற்கும்.

நாலு பாத்தித் தோட்டத்தை, அதாவது 'சார் பாக்' என்பதை, தண்ணீரை வைத்துத்தான் படிக்க வேண்டும். சதுர நிலத்தை இரண்டு நீர்வழிகள் குறுக்காக வெட்டும். வெட்டும் இடத்தில் ஒரு தொட்டி அல்லது ஒரு கட்டடம். வாய்க்காலின் இருபுறமும் உயர்த்திக் கட்டிய நடைமேடை. இந்த உயரத்தைக் கட்டாயம் கவனியுங்கள். பாத்தி தாழ்வாகவும் நடைமேடை மேடாகவும் இருந்தால்தான் வாய்க்காலைத் திறந்துவிட்டதும் தண்ணீர் தானாகப் பாத்தியில் இறங்கும். நடப்பவரின் கால் நனையாது. தாழ்ந்த பாத்தியில் பழமரம் வைத்தால், மேடையில் நடப்பவருக்குக் கிளையும் காயும் எட்டும் உயரத்துக்கு வந்துவிடும். இன்று தாஜில் நீங்கள் பார்க்கும் சமமான புல்வெளி பிரிட்டிஷ் காலத்து ஏற்பாடு. முகலாயர் காலத்தில் அது மரமும் பூச்செடியும் அடர்ந்த தோட்டம். கல்லறை மரங்களுக்கு மேலாகத்தான் தெரிந்திருக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? சமவெளி ஊரில் மலை ஊற்று கிடையாது. இந்துஸ்தானத்தில் ஓடும் தண்ணீர் இல்லை என்று பாபரே குறைப்பட்டு எழுதியிருக்கிறார். அதனால் ஆற்று நீரை மாடு பூட்டி இறைத்தார்கள். நம்மூர்க் கமலையை நினைத்துக்கொள்ளுங்கள்: தோல் சால், உருளை, கயிறு, சரிவில் இறங்கும் மாடு. தாஜுக்கு இறைத்த இடம் மேற்கு மதிலுக்கு வெளியே ஆற்றோரத்தில் இருக்கிறது. ஒரு கட்டத்தில் இறைத்த நீரை வளைவுகள் மேல் செல்லும் வாய்க்காலில் விட்டு, மறுபடி இறைத்து, உயரத் தொட்டிகளில் நிரப்பினார்கள். அந்த உயரம்தான் அழுத்தம். அங்கிருந்து நடைமேடைக்கு அடியில் பதித்த சுடுமண் குழாய்கள் வழியாகத் தோட்டத்துக்கு வந்தது.

நீரூற்றுகளில் ஒரு நுட்பம் உண்டு. நீண்ட குழாயில் வரிசையாக ஊற்றுகளைப் பொருத்தினால் முதல் ஊற்று உயரப் பீச்சும், கடைசி ஊற்று சொட்டும். வயலுக்குக் குழாய் போட்டவர்களுக்கு இது தெரியும். இதைத் தவிர்க்க ஊற்றைக் குழாயோடு நேராக இணைக்காமல், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தாமிரப் பானையை வைத்தார்கள். பானைகள் எல்லாம் நிரம்பிய பிறகே நீர் மேலெழும். எல்லா ஊற்றும் ஒரே நேரத்தில், ஒரே உயரத்தில் எழும். பானைகளை நீங்கள் பார்க்க முடியாது. ஆனால் மைய வாய்க்காலில் ஊற்று முனைகளின் வரிசையைப் பார்க்கும்போது அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் அந்த வாய்க்காலே வேறாகத் தெரியும்.

அடுத்தது, கல்லறை எங்கே நிற்கிறது என்பது. இதிமாத் உத் தௌலாவிலும் சிக்கந்தராவிலும் கல்லறை சதுரத்தின் நட்டநடுவில். தாஜில் நடுவில் இருப்பது பளிங்குத் தொட்டி. கல்லறை வடக்கு ஓரத்தில், ஆற்றங்கரை மேடையில். ஆக்ராவின் ஆற்றங்கரைத் தோட்டங்கள் பெரும்பாலும் இப்படித்தான் அமைந்தன. தலைமைக் கட்டடம் ஆற்றோரத்தில், தோட்டம் அதன் முன்னால். இதோடு மேத்தாப் பாகின் அகலம் தாஜ் தோட்டத்தின் அகலத்துக்கு ஒத்திருப்பதையும், இரண்டின் நடுக்கோடும் ஒரே நேரில் ஓடுவதையும் சேர்த்துப் பாருங்கள். ஆற்றையும் உள்ளே எடுத்துக்கொண்டு போட்ட ஒரே திட்டம் அது. ஆகவே மேத்தாப் பாகைப் படம் எடுக்கும் இடமாக மட்டும் நினைக்க வேண்டாம். அது தாஜின் மறுபாதி.

செம்மணற்கல்

மேலே சொன்னதோடு ஒவ்வொரு இடமாகச் சில குறிப்புகள்.

இதிமாத் உத் தௌலா: ஜகாங்கீரின் மனைவி நூர்ஜகான் தன் தந்தை மிர்சா கியாஸ் பேக்குக்காகக் கட்டியது, 1622 முதல் 1628 வரை. தாய் அஸ்மத் பேகமும் அங்கேயே அடக்கம். முகலாயக் கல்லறைகளில் முழுவதும் வெண்பளிங்கு போர்த்திய முதல் கட்டடம் என்று இதைத்தான் சொல்வார்கள். தாஜ் தொடங்கியது 1632ல். தாஜின் பதிப்பு வேலையை, அதாவது பளிங்கில் வண்ணக் கல் பதித்த வேலையைப் புரிந்துகொள்ள இங்கே வந்து போவது நல்லது, அதனால் வெள்ளி இது, சனி தாஜ் என்ற வரிசை மிகச் சரி. சுவரில் கூஜா, பழத்தட்டு, சைப்ரஸ் மரம், பூஜாடி எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களில் வரும். ஒரே ஒரு கட்டத்தைத் தேர்ந்து, கண்ணை ஒரு அடி தூரத்தில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் கல்லும் சாம்பல் கல்லும் பளிங்கோடு சேரும் விளிம்பில் தலைமுடி நுழையும் சந்து இருக்காது. அப்படியே பக்கத்துக் கட்டத்துக்கு நகருங்கள், எங்கோ ஒரு இதழ் உதிர்ந்து பள்ளம் மட்டும் இருக்கும். அந்தப் பள்ளத்தில் தெரியும், கல்லைத் தோண்டித்தான் பதித்திருக்கிறார்கள், மேலே ஒட்டவில்லை என்று. கையால் தடவ வேண்டாம். வியர்வையும் எண்ணெயும் பளிங்கை மஞ்சளாக்கும்.

நுழைவு கிழக்குப் பக்கம், ஆறு மேற்கே. அதனால் காலையில் நீங்கள் வரும் முகத்தில் வெயில் விழும். உள்ளே போய், பளிங்குச் சல்லடை வழியாகத் தரையில் விழும் நிழலைக் கொஞ்ச நேரம் பாருங்கள். பிறகு மேற்கே ஆற்றோர மண்டபத்துக்கு நடந்துவிடுங்கள். அங்கே கூட்டம் குறைவு.

சீனி கா ரௌசா: ஷாஜகானின் அமைச்சர் அஃப்சல் கான் ஷீராசியின் கல்லறை. அவர் இறந்தது 1639ல். வெளிச்சுவர் முழுக்க மெருகு ஓடுகள் இருந்தன; நீலம், மஞ்சள், பச்சை, ஆரஞ்சு. பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. உதிர்ந்ததனாலேயே ஒரு பாடம் கிடைக்கிறது: செங்கல், அதன் மேல் சாந்து, சாந்தில் பதிந்த ஓட்டின் தடம் என்று ஒவ்வொரு படலமும் தெரியும். பூவின் ஒவ்வொரு இதழுக்கும் தனித்தனி ஓட்டுத்துண்டு. அரை மணி நேரம் போதும்.

ராம் பாக்: பெயர் ஆராம் பாக் என்பதிலிருந்து மருவியது. பாபர் போட்ட தோட்டம் என்று பலகைகளும் வழிகாட்டிகளும் சொல்வார்கள். ஆனால் இப்போது நிற்கும் மேடைகளும் மண்டபங்களும் நூர்ஜகானின் நூர் அஃப்ஷான் தோட்டத்தைச் சேர்ந்தவை என்பதே கட்டடக்கலை ஆய்வாளர்களிடம் வலுவாக இருக்கும் கருத்து, ஏறத்தாழ 1621. புல்லும் செடியும் அவ்வளவு பராமரிப்பாக இருக்காது, எதிர்பார்த்துப் போய் ஏமாற வேண்டாம். அங்கே பார்க்க வேண்டியது மட்டங்கள்: உயர்ந்த மேடையிலிருந்து தாழ்ந்த மேடைக்கு வாய்க்கால் எப்படி இறங்குகிறது, இறங்கும் இடத்தில் சரிவுக்கல் எங்கே இருக்கிறது என்பது. ஆற்றோர மண்டபங்களின் விதானத்தில் ஓவியத் தடங்கள் உண்டு. நிமிர்ந்து பார்க்காமல் வந்துவிடுபவர்கள் அதிகம்.

கோட்டைக்குள் அங்கூரி பாக்: காஸ் மகால் என்ற பளிங்கு மாளிகைக்கு முன்னால். நாலு பாகம், நடுவில் தொட்டி. பாத்திகளைப் பிரிக்கும் சிவப்புக்கல் வரம்புகள் நட்சத்திரமும் அறுகோணமுமாகப் பின்னிக்கிடக்கும். காஸ் மகால் திண்ணையிலிருந்து பார்க்கும்போதுதான் கோலம் பிடிபடும். கிட்டே நின்றால் வெறும் கல்வரிசை.

மேத்தாப் பாக்: தெற்கே ஆற்றோரத்தில் எண்கோணக் குளம் ஒன்றின் அடித்தளம். 1990களில் தோண்டி எடுத்தது. 25 ஊற்றுகள் இருந்த குளம். தாஜின் பிம்பம் அதில் விழும்படி அமைத்தது. "ஷாஜகான் இங்கே கறுப்புத் தாஜ் கட்ட ஆரம்பித்தார்" என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். அகழ்வில் கறுப்புத் தாஜுக்கு அடித்தளம் எதுவும் கிடைக்கவில்லை, கிடைத்தது தோட்டமும் குளமும்தான். தோட்டம் அழிந்ததற்குக் காரணம் ஆறு. 1652லேயே ஔரங்கசீப் தந்தைக்கு எழுதிய கடிதத்தில், மேத்தாப் பாக் வெள்ளத்தில் மூழ்கிப் பொலிவிழந்துவிட்டது, தாஜின் குவிமாடத்தில் மழைநீர் ஒழுகுகிறது என்று இரண்டையும் சொல்கிறார். இப்போது ஆற்றுக்கு இறங்க முடியாது, தெற்கு எல்லையில் முள்கம்பி வேலியும் காவலும் உண்டு.

காவேரிப்படுகை

எல்லோருக்கும் மிக்க நன்றி. வெள்ளிக்கிழமை விஷயம் தெரியாமலே இருந்திருப்போம். வரிசையை மாற்றிவிட்டோம்.

இன்னும் மூன்று சந்தேகம். ஒன்று, முழங்கால் வலி உள்ளவருக்கு எங்கெங்கே படி? இரண்டு, நிலாவில் தாஜ் பார்ப்பதற்கு இந்தப் பயணத்தில் வாய்ப்பு உண்டா? மூன்று, மேத்தாப் பாகில் அந்தி வெயிலில் தாஜ் பொன்னிறமாகத் தெரியும் என்கிறார்களே, நவம்பரில் அப்படித் தெரியுமா?

ஒளிக்கோணம்

மூன்றாவதுக்கு நான் பதில் சொல்கிறேன், நவம்பரில் அப்படித் தெரியாது.

மேத்தாப் பாக் தாஜுக்கு வடக்கே. அங்கிருந்து தெரிவது தாஜின் வடக்கு முகம். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை சூரியன் மேற்கிலிருந்து வடக்கே தள்ளி மறையும், அப்போதுதான் வடக்கு முகத்தில் அந்தி வெயில் நேராகப் படும். நவம்பரில் சூரியன் தென்மேற்கே மறைகிறது. உங்களுக்குத் தாஜின் வலப்புறம் பின்னால் இறங்கும். வடக்கு முகம் நிழலில் இருக்கும். கிடைப்பது வேறொரு காட்சி: ஆரஞ்சு வானத்தில் குவிமாடமும் மினார்களும் கருநிழலாக நிற்கும். படத்துக்கு வெளிச்ச அளவை வானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், கைபேசியில் வானத்தைத் தொட்டால் போதும். பளிங்கைத் தொட்டால் வானம் வெளுத்துப் போகும். சூரியன் மறைந்த பிறகு ஒரு பத்து நிமிடம் பளிங்கு சாம்பல் கலந்த இளநீலமாக மாறும், அதைப் பார்க்காமல் கிளம்பிவிடாதீர்கள். பூங்கா மூடும் நேரம் அதுதான் என்பதால் காவலர் விசில் அடிக்க ஆரம்பித்திருப்பார்; வாசலுக்குக் கிட்டப் போகும் நடைமேடையில் நின்றுகொண்டால் கடைசி நிமிடம் வரை பார்க்கலாம்.

தாஜின் தெற்கு முகத்துக்கோ நவம்பர் மிகப் பொருத்தம். சூரியன் தென்கிழக்கில் எழுந்து நாள் முழுக்கத் தெற்கிலேயே சுற்றுவதால், பெரிய வாசலிலிருந்து நீங்கள் பார்க்கும் முகம் விடிந்ததிலிருந்து வெளிச்சத்தில் இருக்கும். ஜூனில் போகிறவர்களுக்கு விடியற்காலையில் இது கிடைக்காது.

நவம்பரின் எதிரி மூட்டம். தீபாவளிப் புகையும் வயல் எரிப்புப் புகையும் குளிரும் சேர்ந்து காலையில் மங்கலாக்கிவிடும். டிசம்பர் கடைசி, ஜனவரி போல அடர்ந்த மூடுபனியாக இருக்காது என்றாலும், வாசலில் நின்று தாஜ் வெளிறித் தெரிந்தால் மனம் தளராமல் கிட்டே போங்கள். மூட்டத்தில் தூரக்காட்சிதான் கெடும். பதிப்பு வேலைக்கு மூட்டமான வெளிச்சமே நல்லது. கூசாது, நிறம் முழுசாகத் தெரியும். 8.30க்கு மேல் திரும்பி வாசலுக்கு வந்து தூரக்காட்சியைப் பாருங்கள்.

முக்காலி தாஜுக்குள் அனுமதி இல்லை. கல்லறை அறைக்குள் படமே எடுக்கக் கூடாது.

யமுனைப்படித்துறை

படி விஷயம் சொல்றேன்.

கோட்டை: அமர் சிங் வாசல் தாண்டினதும் நீளமான ஏத்தச் சரிவு. படி இல்லை, ஆனா செங்குத்தா ஏறும். அவங்களை நடுவுல ரெண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்க விடுங்க. மேல போனப்புறம் பெரும்பாலும் சமதளம். மண்டபத்துக்கு மண்டபம் ரெண்டு மூணு படி வரும்.

தாஜ்: தோட்டம் முழுக்க சரிவுப்பாதையில போகலாம். வாசல்ல கேட்டா சக்கர நாற்காலி கிடைக்கும். கஷ்டம் பளிங்கு மேடையிலதான். ஏறக்குறைய 19 அடி உயரம், நெருக்கமான படி, பின்னாலேருந்து கூட்டம் தள்ளிட்டே வரும். அவங்க மேல ஏறலைன்னா 200 ரூபாய்ச் சீட்டு அவங்களுக்கு வேண்டியதில்லை. வளாகத்துக்குள்ள போக 50 ரூபாய், கல்லறை மேடைக்கு மேல ஏற 200 கூடுதல். அந்த 200ஐ இணையத்துலேயே சேர்த்து எடுத்துடுங்க. 15 வயசுக்குள்ள இருக்கற பிள்ளைகளுக்குச் சீட்டு தேவையில்லை, ஆனா 13 வயசுன்னு காட்ட ஆதார் கையில இருக்கட்டும். ஏறாதவங்க கீழ செம்மணற்கல் மேடையில கிழக்குப் பக்கக் கட்டடத்து நிழல்ல உக்காரலாம். மேற்கே பள்ளிவாசல், கிழக்கே அதுக்கு இணையாக் கட்டின கூடம். நவம்பர்ல பளிங்கு காலையில சில்லுனு இருக்கும், காலுறை போட்டுக்கங்க. செருப்பைக் கழட்டணும், இல்லேன்னா மேல உறை மாட்டணும்.

தாஜ் திறக்கறது சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னாடி, மூடறது மறையறதுக்கு அரை மணி முன்னாடி. நீங்க போற வாரத்துல உதயம் 6.35, 6.40 வாக்குல. 5.45க்கு வரிசையில நின்னா முதல் கும்பலோட உள்ள போயிடலாம். சீட்டு 3 மணி நேரத்துக்குத்தான். கிழக்கு வாசல், மேற்கு வாசல் ரெண்டுலதான் நுழைவு, தெற்கு வாசல் வழியா உள்ள விடறதில்லை. புகை கக்கற வண்டி கிட்டத்துல வராது, கிழக்குப் பக்கம் சில்ப்கிராம் நிறுத்தத்துலேருந்து பேட்டரி வண்டி. அந்த ஒரு கிலோமீட்டரை முழங்கால் வலியோட நடக்க வேண்டாம்.

வரிசையில நேரம் போறது சீட்டால இல்லை, பையால. சாப்பாடு, சாக்லேட், பாக்கு, தீப்பெட்டி, கத்தரி, முக்காலி, டிரோன், பெரிய பை எது இருந்தாலும் திருப்பி அனுப்புவாங்க. வெளிய வெச்சுட்டு வந்தா மறுபடி வரிசையோட கடைசி. தண்ணி பாட்டில், கைபேசி, பணம், கண்ணாடி, மருந்து, அவ்வளவுதான் எடுத்துட்டுப் போங்க. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனி வரிசை, அதனால வாசலுக்கு அந்தப்புறம் எங்க சந்திக்கறதுன்னு முன்னாடியே பேசி வெச்சுக்கங்க.

சிக்கந்தரா: தோட்டமே 119 ஏக்கர். தெற்கு வாசல்லேருந்து கல்லறைக்கு முந்நூறு மீட்டருக்கு மேல நடக்கணும். சமதளம்தான், வெயில் பாதை. மர நிழல்ல வெளிமான் மேயறதைப் பார்க்கலாம், 13 வயசுப் பொண்ணுக்கு அது பிடிக்கும். குரங்கு உண்டு. கையில பாலித்தீன் உறை இருந்தா உள்ள தின்பண்டம்னு நினைச்சுப் பிடுங்கும், உறையே வேண்டாம்.

நிலாவுக்கு: மாசத்துல 5 ராத்திரிதான். பௌர்ணமி, அதுக்கு முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு. அதுலயும் வெள்ளிக்கிழமையும் ரம்ஜான் மாசமும் கிடையாது. 8.30லேருந்து 12.30 வரைக்கும், அரை மணிக்கு 50 பேர், மொத்தம் 8 கும்பல், ஆக 400 பேர். சீட்டை முந்தின நாளே எடுத்துடணும். நீங்க இருக்கப்போற ராத்திரி வியாழன், வெள்ளி ரெண்டுதான். அதுல வெள்ளி போச்சு. அந்த வியாழன் பௌர்ணமிக்கு ரெண்டு நாள் முன்பின் விழுதான்னு நாள்காட்டியைப் பாருங்க. விழுந்தாலும் சீட்டைப் புதன்கிழமையே எடுக்கணும், நீங்க வர்றதோ வியாழன். கிட்டப் போகவும் விட மாட்டாங்க, பெரிய வாசல் பக்கத்து மேடையிலேருந்துதான் காட்சி. மூட்டம் இருக்கற மாசத்துல அவ்வளவு தூரத்துலேருந்து பார்க்க இத்தனை பாடு வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன். மறுநாள் விடியறதுக்கு உடம்பை வெச்சுக்கங்க.

செம்மணற்கல்

சிக்கந்தரா பற்றி இரண்டு வரி விட்டுப்போயிற்று. அக்பர் இறந்தது 1605, கட்டி முடித்தது ஜகாங்கீர் காலத்தில் 1613. நாலு பக்கமும் வாசல் தெரியும், மூன்று வெறும் தோற்றவாசல்கள், தெற்கு ஒன்றுதான் உண்மையானது. அதன் மேலுள்ள நாலு வெண்பளிங்கு மினார்களைக் கவனியுங்கள். தாஜின் மினார்களுக்கு முன்னோடி இங்கே இருக்கிறது. காலையில் தாஜ் பார்த்துவிட்டு மதியம் இதைப் பார்ப்பதால் ஒப்பீடு மறக்காது. வாசலின் எழுத்து வேலை செய்த அப்துல் ஹக் ஷீராசிதான் பிற்பாடு அமானத் கான் என்ற பட்டத்தோடு தாஜின் எழுத்துகளையும் வடித்தவர்.

உள்ளே முன்மண்டப விதானத்தில் நீலமும் பொன்னும் அள்ளிக் கொட்டியிருக்கும். அதைத் தாண்டி நீண்ட சரிவான இருட்டு வழி. முடிவில் ஓவியம் எதுவும் இல்லாத பெரிய வெற்று அறை, நடுவில் அலங்காரமற்ற ஒரு கல்லறை. சரிவில் தரை வழுவழுப்பு, பெரியவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேச்சைக் குறைத்துக்கொண்டால் அந்த அறையின் எதிரொலி தெரியும். மேல் மாடிகளுக்கு ஏற விடுவதில்லை.

தாஜில் ஒன்று. கல்லறை அறையில் எல்லாம் இடமும் வலமும் ஒத்திருக்கும், ஒன்றைத் தவிர. நட்டநடுவில் மும்தாஜ், மேற்கே கொஞ்சம் பெரிதாக ஷாஜகான். இரண்டும் அடையாளக் கல்லறைகள்தான், உண்மையானவை கீழறையில். சுற்றியுள்ள எண்கோணப் பளிங்குச் சல்லடையின் விளிம்புப் பூக்களில் சிவப்புக் கல் தெரியும். வழிகாட்டிகள் கைவிளக்கு வைத்துக் காட்டினால் அந்தச் சிவப்பு மட்டும் கங்கு போல எரியும். மற்ற கற்கள் அப்படி ஒளி விடாது.

தொழிலாளர் கையை வெட்டினார்கள் என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை. சிறுமியிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நாற்பாத்தி

தாஜில் இன்னொன்று. மேடைக்கு மேல் ஏறினால் வடக்குச் சுவர்ப் பக்கம் போய்ப் பாருங்கள், சில காலங்களில் பளிங்கில் பச்சைத் திட்டுகள் இருக்கும். தேங்கிய யமுனையில் பெருகும் சிறு பூச்சிகள் விட்டுப்போகும் கறை. அழுக்கு படிந்த பளிங்குக்கு முல்தானி மண்ணைக் குழைத்துப் பூசி, காய்ந்ததும் கழுவி எடுக்கிறார்கள். எங்காவது சாரம் கட்டியிருந்தால் பெரும்பாலும் இந்த வேலைதான். ஆறு ஓடினால் பூச்சி பெருகாது. தோட்டத்தைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த ஆற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வர வேண்டும்.

அதே காரணத்துக்காக, மேத்தாப் பாகில் அந்திக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

காவேரிப்படுகை

எல்லாம் குறித்துக்கொண்டோம். மும்பையிலோ டெல்லியிலோ உள்ள வலைவாசல்களில் இத்தனை கிடைக்கவில்லை. கடைசியாக ஒன்று: பளிங்குத் தட்டு ஒன்று வாங்க நினைக்கிறோம், ஏமாறாமல் எப்படி?

ஒளிக்கோணம்

ஆட்டோக்காரர் கூட்டிப்போகும் கடையில் வாங்காதீர்கள், அவருடைய பங்கு விலையில் ஏறியிருக்கும். மலிவாகத் தருவது பெரும்பாலும் மாக்கல். அடிப்பக்கத்தில் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். மாக்கல்லில் வெள்ளைக் கோடு விழும், பளிங்கில் விழாது. பிறகு தட்டின் பின்னால் கைபேசி விளக்கைப் பிடியுங்கள், ராஜஸ்தானின் மக்ரானா ஊர்ப் பளிங்கில் வெளிச்சம் ஊடுருவிப் பரவும். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் பதித்த கல்லுக்கும் பளிங்குக்கும் நடுவே மேடுபள்ளம் தட்டக் கூடாது. தட்டினால் ஒட்டியது அல்லது சாயம். கீற விடமாட்டேன் என்று சொல்லும் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.